மாத்திரை முடிந்த பிறகு

செய்யாற்றிலிருந்து ஆரணிக்குப் போகும் சாலையை விட்டுச் சற்றே உள்ளே திரும்பினால், வீட்டுக்கு வீடு குழித்தறி போட்டிருக்கும் தெருக்கள் சில இன்னும் மிஞ்சியிருக்கின்றன. காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்து, அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிந்து, வெயில் உறைக்கத் தொடங்கியதும் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிற அந்த ஜனங்களின் பகல் முழுவதும், ஜன்னல் சிறியதும் வெளிச்சம் குறைந்ததுமான ஓர் அறையில், தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, தறியின்மேல் குனிந்தபடியே கழிகிறது. பட்டிழைக்கு ஈரம் வேண்டும். வெளிக்காற்று அடித்தால் இழை உலர்ந்து அறும். ஆகையால் கதவு எப்போதும் பாதி சாத்தியே இருக்கும். அந்த அறையிலேதான் குழந்தை தூங்குகிறது, பாட்டி தார் சுற்றுகிறாள், மூலையில் சோறும் கொதிக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் சென்ற மாசி மாதத்தில் ஒரு நெசவாளரைச் சந்தித்தேன். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஐம்பது வயது இன்னும் ஆகவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் காசநோய் கண்டு, அரசாங்கம் கொடுத்த மாத்திரையை ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல் உட்கொண்டு, சளியில் கிருமி இல்லை என்று எழுதிய அட்டையோடு குணமாகி வீடு திரும்பியவர். என்னோடு பேசுவதற்காகக் குழியிலிருந்து எழுந்தவர், உடனே பேசவில்லை. தறிமரத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டு, தோள்கள் இரண்டும் ஏறி இறங்க, தரையைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றார். பிறகு நிமிர்ந்து, “டி.பி. போயிடுச்சி சார். மூச்சுதான் இன்னும் திரும்பி வரல,” என்றார்.

புகார் சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. மாத்திரை கொடுத்தவர்கள்மீதும், வீடு தேடி வந்து சளி டப்பா கொடுத்துப் போன சுகாதாரப் பணியாளர்மீதும் அவருக்கு இருக்கும் நன்றி உண்மையானது. அவர்கள் இல்லாவிட்டால் தாம் இன்று மண்ணுக்குள் இருந்திருப்போம் என்பதை அவர் அறிவார். ஆனால் அட்டையில் ‘குணமடைந்தார்’ என்று எழுதிய தினத்தோடு வைத்தியத்தின் கணக்கு முடிந்துவிட்டது. அவருடைய தேகத்தின் கணக்கோ அன்றைக்குத்தான் தொடங்கியது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கணக்கைப் பற்றியது.

க்ஷயம், என்புருக்கி, ஈளை என்று பல பெயர்களால் நம் முன்னோர் அஞ்சிய வியாதி இது. 1882 மார்ச் 24ஆம் தேதி பெர்லினில் ராபர்ட் கோக் இதற்குக் காரணமான கிருமியை உலகுக்கு எடுத்துக்காட்டிய பின்னும், அறுபது ஆண்டுக்கு மேலாக வைத்தியர்களின் கையில் இதற்கு ஔஷதம் இல்லை. நல்ல காற்று, நல்ல ஆகாரம், பூரண ஓய்வு என்ற மூன்றை மட்டுமே நம்பி, ஊருக்கு ஒதுக்குப்புறமான சானடோரியங்களில் நோயாளிகளைப் படுக்க வைத்தார்கள். இங்கிலாந்தின் மெண்டிப் மலைப் பகுதியில் அத்தகைய ஒரு சானடோரியத்தை நடத்திய தமிழரான டாக்டர் சௌரி முத்து, 1917இல் கணித மேதை இராமாநுஜத்துக்கும் அங்கே சில காலம் சிகிச்சை அளித்தார். இராமாநுஜத்துக்கு வந்தது காசநோய்தானா என்பதில் பிற்கால வைத்தியர்கள் சந்தேகம் எழுப்பியிருப்பது வேறு விஷயம். அதே சௌரி முத்து தாயகம் திரும்பி 1928இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம், 1937இல் அரசாங்கத்தின் கைக்கு வந்து, இன்று ஒரு ரயில் நிலையத்துக்கே பெயராகி நிலைத்துவிட்டது. மின்சார ரயிலில் தினந்தோறும் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு போகிறவர்களில், அது ஒரு காலத்தில் எவ்வளவு பெரிய அச்சத்தின் பெயராக இருந்தது என்பதை நினைப்பவர்கள் சிலரே இருப்பார்கள்.

இந்நோயை அடக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து அமெரிக்காவில் கண்டறியப்பட்டுவிட்டது. ஆனால் அது நம் நாட்டில் சாமானியனின் கைக்கு எட்டாத பண்டமாக இருந்த இடைக்காலத்தில், 1948இல், திருவனந்தபுரத்தில் புதுமைப்பித்தன் இந்நோயால் மறைந்தார். வயது நாற்பத்திரண்டு. சில ஆண்டுகளே தாமதித்து அந்த நோய் அவரைப் பற்றியிருந்தால் தமிழ் உரைநடை இன்னும் எத்தனை எத்தனை கதைகளைப் பெற்றிருக்கும் என்று நினைக்கும்போது மனம் ஆறுவதில்லை.

1950களில் நிலைமை மாறியது. 1952இல் ஐசோனியாசிட் என்ற மாத்திரை வந்தது. விலை மலிவு, உட்கொள்வதும் எளிது. ஆனாலும் ஒரு பெரிய வினா மீதியிருந்தது. நாட்டில் லட்சக்கணக்கான நோயாளிகள். சானடோரியப் படுக்கைகளோ மிகச் சில. படுக்கை கிடைக்காதவனை என்ன செய்வது? அவனை வீட்டிலேயே வைத்து மாத்திரையைக் கொடுத்தால் பிழைப்பானா? அவன் பிழைத்தாலும், அதே அறையில் படுக்கும் மனைவி மக்களுக்கு நோய் தொற்றாதா? இந்த வினாவுக்கு உலகம் முழுவதற்குமான விடை கிடைத்த இடம் லண்டனோ நியூயார்க்கோ அன்று. சென்னை சேத்துப்பட்டில் ஸ்பர் டாங்க் சாலையில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து, டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்பவரின் தலைமையில் 1956இல் தொடங்கிய அந்த நிலையமே, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அதே இடத்தில் நடந்துவருகிறது.

அவர்கள் செய்த காரியம் எளிமையானது. ஆனால் எளிமையாகச் செய்யத் துணிவு வேண்டிய காரியம். சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைத் தேர்ந்து, யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தீர்மானித்து, 97 பேரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். 96 பேரை அவர்களுடைய வீடுகளிலேயே விட்டார்கள். மருந்து இரு சாராருக்கும் ஒன்றே, ஓராண்டு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்குப் பால், முட்டை, இறைச்சி, ஓய்வு, காற்றோட்டம். வீட்டில் இருந்தவர்களுக்கு எப்போதும்போல அரை வயிற்றுச் சோறு, நெரிசலான ஒற்றை அறை, எழுந்து நடமாட முடிந்ததும் வேலை. ஓராண்டின் முடிவில் சானடோரியத்தாரில் நூற்றுக்கு 92 பேரும் வீட்டிலிருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேரும் கிருமி நீங்கி நோய் அடங்கிய நிலையில் இருந்தார்கள். பெரிய வித்தியாசமில்லை. 1959இல் இந்த முடிவு அச்சில் வந்தபோது, சானடோரியம் என்ற அமைப்பின் அஸ்திவாரமே அசைந்தது. நாளடைவில் உலகமெங்கும் அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அல்லது வேறு வைத்தியசாலைகளாக மாறின.

இந்த ஆராய்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இவ்வளவோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றும் விஷயங்கள் இரண்டு இதற்குள்ளே இருக்கின்றன.

முதலாவது: நோயாளியை அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கைகழுவவில்லை, வீட்டைத் தேடிக்கொண்டு அவர்களே போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று வீட்டுக்குச் சென்று மீதி மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். மாத்திரை உள்ளே போயிருக்கிறதா என்று அறியச் சிறுநீரைப் பரிசோதித்தார்கள். வராதவனைத் தேடிச் சந்து சந்தாக அலைந்தார்கள். மருத்துவமனையின் நான்கு சுவரைத்தான் நீக்கினார்களே தவிர மருத்துவமனையின் கண்ணை நீக்கவில்லை.

இரண்டாவது, இதைவிடப் பெரியது: ஓராண்டு முடிந்து மருந்து நின்றதும் அவர்கள் நோயாளியை மறந்துவிடவில்லை. ஐந்தாண்டுக் காலம் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களை மட்டுமல்ல, அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்தார்கள். வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்த்த குடும்பங்களில், நோயாளியைப் பிரித்துச் சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட அதிகமாக நோய் பரவவில்லை என்பது அவ்வாறு தொடர்ந்ததனாலேதான் தெரிந்தது. தொற்று நேர்ந்திருந்தால் அது மருந்து தொடங்குவதற்கு முன்பே, இருமிக்கொண்டு கவனிப்பாரற்றுக் கிடந்த மாதங்களிலே நேர்ந்துவிட்டிருக்கிறது. மருந்து உள்ளே போகத் தொடங்கிய சில வாரங்களில் நோயாளி பிறருக்கு அபாயமற்றவராகிவிடுகிறார்.

இந்த இடத்தில் என் சொந்த நினைவு ஒன்று வந்து குறுக்கே நிற்கிறது. எங்கள் வீட்டில் சித்தப்பா ஒருவர் இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே காசநோய் வந்து குணமானவர். அவருக்கென்று ஒரு பித்தளை டம்ளர், விளிம்பு நசுங்கியது, சமையலறைக்கு வெளியே மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கும். எனக்குப் பத்து வயதாகும்போதும் அது அங்கேயே இருந்தது. ஒருநாள் விளையாடிவிட்டு வந்த தாகத்தில் நான் அதை எடுத்துத் தண்ணீர் மொண்டு குடித்ததைப் பார்த்துவிட்டு, பாட்டி என்னை அடித்தாள். சித்தப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், திரும்பிப் பார்க்காமலே எழுந்து தெருவில் இறங்கி நடந்தார். காசநோய் டம்ளரால் பரவுவதில்லை. நோய் முற்றி, மருந்து தொடங்காத ஒருவர் இருமும்போது காற்றில் மிதக்கும் நுண்துளிகளால் பரவுவது அது. நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்ததால் நோய் கூடுதலாகப் பரவவில்லை என்று சேத்துப்பட்டில் எழுதி அச்சாகி வருஷங்கள் பல கடந்த பின்னும் எங்கள் வீட்டு மாடத்தில் அந்த டம்ளர் கவிழ்ந்தே கிடந்தது. இதை எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் செய்யாற்றுப் பக்கத்து அந்த நெசவாளர் வீட்டிலும் எனக்குத் தேநீர் வந்தபோது, தட்டில் இருந்த மூன்று டம்ளரில் ஒன்றின் கழுத்தில் சிவப்புப் பட்டுநூல் ஒன்று சுற்றி முடிச்சிட்டிருந்தது. அதை அவர் எடுத்துக்கொண்டார்.

இன்றைக்குச் சிகிச்சை முன்னைவிடச் சுருங்கிவிட்டது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. ஓராண்டு ஆறு மாதமாயிற்று. 2017 முதல் வாரத்துக்கு மூன்று நாள் என்றிருந்த முறை மாறி, தினந்தோறும் மாத்திரை என்றாயிற்று. சளியில் கிருமி இருக்கிறதா, அது மருந்துக்கு அடங்கும் கிருமியா என்பதை ஒருசில மணி நேரத்தில் சொல்லும் கருவிகள் சிற்றூர்வரை வந்திருக்கின்றன. மருந்துக்கு அடங்காத கிருமிக்கு ஒன்றரை இரண்டு வருஷம் ஊசியும் மாத்திரையுமாக நடந்த வைத்தியம், அந்த ஊசியால் காது கேளாமற்போனவர்கள் பலரைத் தந்த வைத்தியம், இப்போது பெடாகுவிலின் முதலிய புதிய மருந்துகளால் ஊசியில்லாமலே ஆறு மாதத்தில் முடியும் நிலைக்கு வந்திருக்கிறது. இவை யாவும் சாதாரண வெற்றிகள் அல்ல.

ஆனால் கிருமி செத்துப்போவது வேறு. அது குடியிருந்த வீடு பழையபடி ஆவது வேறு. நுரையீரல் என்பது பஞ்சுபோல் மென்மையாகச் சுருங்கி விரியும் உறுப்பு. காசநோய்க் கிருமி அதன் ஒரு பகுதியை அரித்துப் பொந்தாக்குகிறது. மருந்து கிருமியைக் கொன்றபின் அந்தப் பொந்து சிலருக்கு மூடி வடுவாகிறது, சிலருக்கு மூடாமலே நிற்கிறது. வடு விழுந்த இடம் விரியாது. சுற்றியுள்ள மூச்சுக்குழல்களை அந்த வடு இழுத்துக் கோணலாக்கி விரித்துவிடுவதால் அவற்றில் சளி தேங்கி, பனிக்காலம் வந்தால் அடிக்கடி சீழ் பிடிக்கிறது. வேறு சிலருக்குக் குழல்கள் சுருங்கி, பீடி குடித்தவனுக்கு வருவதுபோன்ற இளைப்பு, பீடியைத் தொடாதவர்களுக்கும் வருகிறது. மூடாத பொந்துக்குள் பூஞ்சை குடியேறிப் பந்துபோல் திரண்டு, பல வருஷங்களுக்குப் பிறகு ஒருநாள் இருமலோடு இரத்தம் வரச் செய்வதும் உண்டு. அந்த இரத்தத்தைக் கண்டதும் நோய் திரும்பிவிட்டதென்று வீடு கலங்கும்; ஆனால் அது திரும்பிய நோய் அல்ல, முன்பு வந்துபோன நோய் விட்டுச்சென்ற பாழ்.

இதை அந்த நெசவாளரிடம் எளிமையாகச் சொல்ல முயன்றபோது, அவர் என்னை முந்திக்கொண்டார். “எழ அறுந்தா முடிச்சி போட்றோம் இல்ல சார். துணி நிக்கும். ஆனா முடிச்சி வுட்ட எடம் கைக்குத் தெரியும்,” என்று சொல்லித் தறியில் நெய்திருந்த பகுதியின்மேல் உள்ளங்கையை ஓட்டிக் காட்டினார். எனக்குத் தெரியவில்லை, அவருடைய கைக்குத் தெரிந்தது.

காசநோயிலிருந்து பிழைத்தவர்கள் உலகில் எத்தனை பேர் என்று சில ஆண்டுகளுக்கு முன் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 1980க்குப் பின் நோய் கண்டு தப்பியவர்களுள் 2020இல் உயிரோடு இருந்தவர்கள் மட்டும் சுமார் 15.5 கோடி. உலகத்துக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர் என்பதால், இந்தப் பிழைத்தவர் கூட்டத்திலும் நம்மவர் பங்கு மிகப் பெரியது. இவர்களுடைய ஆயுளைப் பற்றிப் பல தேசங்களின் ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2019இல் வந்த ஓர் ஆய்வு, சிகிச்சை முடித்தவர்கள் தம் சமவயதினரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இறக்கிறார்கள் என்று காட்டியது. காசநோய்க்குப் பின் வரும் வாழ்க்கையை மட்டுமே பொருளாகக் கொண்ட முதல் சர்வதேச மாநாடும் அதே ஆண்டில்தான் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்பாஷ் நகரில் கூடியது. கோக் கிருமியைக் காட்டி நூற்றுமுப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு!

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணமும் உண்டு. திருவள்ளூர்ப் பகுதியில் அரசு சிகிச்சையால் குணமானவர்களைச் சேத்துப்பட்டு நிலையத்தார் ஒன்றரை ஆண்டு தொடர்ந்து பார்த்து 2005இல் வெளியிட்ட முடிவின்படி, நூற்றுக்குச் சுமார் பன்னிரண்டு பேருக்கு நோய் மீண்டும் வந்திருந்தது. யாருக்கு வந்தது என்று பார்த்தால், மருந்தை இடையிடையே விட்டவர்களுக்கும், தொடக்கத்திலேயே மருந்துக்கு அடங்காத கிருமி இருந்தவர்களுக்கும், புகையை விடாதவர்களுக்கும். அது வாரம் மூன்று நாள் மாத்திரை கொடுத்த காலம். இன்றைய தினசரி முறையில் நிலைமை மேம்பட்டிருக்க நியாயம் உண்டு. ஆனாலும் மாத்திரை முடிந்த பிறகும் நோயாளியின் பின்னே போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை. இன்றைய தேசியத் திட்டத்தின் விதியும் அதைத்தான் சொல்கிறது: சிகிச்சை முடிந்தபின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாண்டுகள்வரை நோயாளியைப் பரிசோதிக்க வேண்டும்.

விதி இருக்கிறது. நம் நெசவாளர் ஒருமுறை போனார், பிறகு போகவில்லை. ஏன் என்று கேட்டேன். தறியை விட்டு இறங்கினால் அன்றைக்குக் கூலி இல்லை. கூலிக்கு நெய்கிறவருக்குப் பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளியுடையவை. சேலை முடிந்தால்தான் பணம். முன்பு ஒரு சேலை முடிந்த நாட்களில் இப்போது முக்கால் சேலைகூட ஆவதில்லை. உட்கார்ந்து செய்யும் வேலைதானே என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். அது தவறு. வலக்கை நாடாவின் கயிற்றை இழுக்க, இடக்கை பலகையை முன்னும் பின்னும் அடிக்க, கால்கள் மாறி மாறி மிதிக்க, மார்பு மட்டும் குனிந்தபடி நசுங்கிக்கொண்டே இருக்கும் வேலை அது. இழுத்து விட வேண்டிய மூச்சை அரையாகவே விட்டுக்கொண்டு பகல் முழுவதும் உழைக்கும் வேலை. ஒரு நுரையீரலின் கால் பங்கு வடுவாகிவிட்டவனுக்கு அது மலை ஏறுவதற்கு ஒப்பாகும். கரையைத் தனியே கோத்து நெய்யும் கோர்வைச் சேலைகளை இப்போது அவர் எடுப்பதில்லை. கரையில்லாத எளிய சேலைகளையே நெய்கிறார். அதற்குக் கூலி குறைவு.

ஆகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. சென்னை ஆராய்ச்சியில் வீட்டிலிருந்த நோயாளிகள் அரை வயிற்றோடு இருந்தும் கிருமி நீங்கினார்கள் என்ற உண்மையிலிருந்து, காசநோய்க்கு மருந்துதான் முக்கியம், சோறு முக்கியமில்லை என்ற ஒரு பிழையான பாடத்தை உலகம் கற்றுக்கொண்டது. அந்த ஆராய்ச்சி சொன்னது அதுவன்று. நல்ல மருந்து இருந்தால் கிருமியைக் கொல்லப் பாலும் முட்டையும் இல்லாமலும் முடியும் என்றுதான் அது சொன்னது; மனிதன் தேறுவதற்கு அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. சானடோரியத்தில் நன்றாகச் சாப்பிட்டவர்களே அந்த ஆராய்ச்சியிலும் அதிக எடை ஏறினார்கள். இந்தப் பாடத்தைத் திருத்த அறுபது ஆண்டு ஆயிற்று. 2019 முதல் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் டாக்டர் அனுராக் பார்கவா, டாக்டர் மாதவி பார்கவா ஆகியோர் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நோயாளிகளுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால் மாவு, எண்ணெய் அடங்கிய பத்துக் கிலோ உணவுப் பொட்டலமும், பாதிக் குடும்பங்களில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். குடும்பத்தாருக்கும் உணவு கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. தொற்றக்கூடிய வகை 48 விழுக்காடு குறைந்தது. அரிசியும் பருப்பும்! தடுப்பூசியால் செய்ய முடியாத ஒரு காரியத்தை அவை செய்தன. முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு ஏறிய நோயாளிகளிடையே மரணமும் ஏறக்குறைய அறுபது விழுக்காடு குறைவாக இருந்தது.

2018 ஏப்ரல் முதல் அரசாங்கம் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் உணவுக்கென்று கொடுத்துவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். நல்லது, ஆனால் சிகிச்சை முடிந்த மாதத்தோடு அதுவும் நின்றுவிடும். ஆரோக்கியமான உடம்பை மாத்திரை மட்டும் எப்படிப் பெற்றுத் தர முடியாதோ, அப்படியே ஆறு மாத உணவும் ஓர் ஆயுளின் பட்டினியை ஈடு செய்யாது.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பெருமைப்படத்தக்க ஒன்றைச் செய்திருக்கிறது. காசநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே இறக்கிறார்கள் என்பதைக் கண்டு, 2022இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். விலையுயர்ந்த யந்திரம் எதுவும் அதற்கு வேண்டியதில்லை. நோயாளியின் எடையும் உயரமும் பார்க்கிறார்கள். காலில் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார்கள். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுகிறார்கள். விரலில் கருவியை மாட்டிப் பிராணவாயுவின் அளவைக் காண்கிறார்கள். பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். இவற்றில் ஒன்று மோசமாக இருந்தாலும் மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல், முதலில் மருத்துவமனையில் சேர்த்துத் தேற்றுகிறார்கள். வீட்டு வைத்தியத்தை உலகுக்குக் கற்பித்த அதே பூமி, யாரை வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்பதையும் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறது.

இதே கேள்விகளைச் சிகிச்சையின் தொடக்கத்தில் கேட்பதுபோல் அதன் முடிவிலும் கேட்டால் என்ன என்பதுதான் என் விண்ணப்பம். கடைசி மாத்திரை விழுங்கிய தினத்தில், எடை எவ்வளவு, எழுந்து நடந்தால் மூச்சு எவ்வளவு, நுரையீரலின் கொள்ளளவு எவ்வளவு என்று அளந்து, அந்த எண்களை அட்டையில் எழுதி, ‘குணமடைந்தார்’ என்பதற்குக் கீழே இன்னும் ஐந்தாண்டுக்கான கட்டங்களைப் போட்டு வைக்கலாம். 1956இல் மாட்டு வண்டியும் சைக்கிளும் ஓடிய சென்னையில் அதை நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குச் செய்து காட்டினார்களே! இளைப்புக்கு உறிஞ்சும் மருந்து உண்டு. தேங்கும் சளியை வெளியேற்றவும் சுருங்கிய மார்பை விரிக்கவும் மூச்சுப் பயிற்சிகள் உண்டு. பயிற்சியாளர் ஒருவர் ஒரு முறை கற்றுக்கொடுத்தால் தறிக்குப் பக்கத்தில் பாய் விரித்துத் தினமும் செய்துகொள்ளலாம். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைத்தாக வேண்டும். சர்க்கரை கட்டுப்படாதவனைத் தேடி இந்த நோய் திரும்பி வரும். பீடியை விட்டே ஆக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் கண்டாலோ, பழையதுதானே என்று இருந்துவிடாமல் சளியைப் பரிசோதிக்க வேண்டும். வீட்டிலுள்ளவர்கள், முக்கியமாகக் குழந்தைகள், நோய் வராமல் தடுக்கும் மாத்திரையைச் சாப்பிடுவதில் கூச்சப்படக் கூடாது.

இன்னொன்று. நெஞ்சுப் படத்தில் வடு ஆயுள் முழுவதும் தெரியும். புதிய ஊரில், புதிய வைத்தியர் ஒருவர் அதைப் பார்த்து, பழைய வடு என்று அறியாமல், மறுபடியும் முழு ஆறு மாத மருந்தையும் தொடங்கிவிடுவது உண்டு. சளியில் கிருமி இல்லாமலே கல்லீரல் கெட மாத்திரை சாப்பிட்டவர்களை நான் அறிவேன். பழைய படமும் பழைய அட்டையும் கையில் இருந்தால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு, புதியது ஏதும் இல்லை என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம்.

இதைச் சொன்னபோது அந்த நெசவாளரின் மனைவி உள்ளே போய், பரணில் ஏறி, மஞ்சள் பை ஒன்றை எடுத்துவந்தாள். அதற்குள் சிகிச்சை அட்டையும், பழைய பட்டுத்துணித் துண்டில் சுற்றிய நெஞ்சுப் படமும் இருந்தன. பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று பழம்பாத்திரங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததாகச் சொன்னாள். அவர் படத்தை வாங்கி, பாதி திறந்த கதவின் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, வலப்பக்கம் மேலே புகைபோல் வெண்மையாகத் தெரிந்த இடத்தை விரலால் தொட்டார்.

“இத எத்தினி வருசம் வெச்சிக்கணும் சார்?”

“கடைசிவரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரமே எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய், மூச்சு வாங்குகிறது என்று சொல்லுங்கள்.”

“இந்தச் சேல முடியட்டும் சார்.”

தறியில் இன்னும் எவ்வளவு மீதி என்று கேட்டேன். நெய்த துணி சுருட்டியிருந்த படமரத்தை ஒரு பார்வை பார்த்து, மூன்று முழம் என்றார். படத்தைத் திரும்பத் துணியில் சுற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, தறிமரத்தைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் குழிக்குள் கால்களை இறக்கினார்.